கெஸ்ட் வைஃபைல மட்டும் ஐபி வரமாட்டேங்குது, விலான் (ஒரே வயர்ல தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிறது) தெரிஞ்சவங்க கொஞ்சம் பாருங்க

மக்களே, ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான ஓபன் சோர்ஸ் ஓஎஸ்) போட்ட ஒரு ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயிண்ட்டா (ஏபி, வைஃபை மட்டும் குடுக்கிறது) மாடில வெச்சிருக்கேன், டிஎச்சிபி (ஐபி குடுக்கிற வேலை), ஃபயர்வால் எல்லாம் கீழ இருக்கிற பிஎஃப்சென்ஸ் ரவுட்டர் பெட்டி பாத்துக்குது, நடுவுல 8 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச். வீட்டுக்கு விலான் 10, வர்றவங்களுக்கு 20, ஏபிக்குள்ள லாகின் பண்ண மட்டும் அன்டேக்டு (பாக்கெட்ல விலான் நம்பர் ஒட்டாத) 1.

10 சூப்பரா ஓடுது. கெஸ்ட் எஸ்எஸ்ஐடில கனெக்ட் பண்ணா பாஸ்வேர்டு ஏத்துக்குது, அப்புறம் ஐபி வாங்குறேன் வாங்குறேன்னு சுத்திக்கிட்டே இருந்துட்டு கழண்டுக்குது.

ஸ்விட்ச்ல 20 அன்டேக் பண்ணி பிவிஐடியும் (டேக் இல்லாம வர்றதை எந்த விலான்ல சேக்கணும்ங்கிற நம்பர்) 20 குடுத்த போர்ட்ல லேப்டாப்பை சொருவினா உடனே ஐபி வருது, அதனால பிஎஃப்சென்ஸ் பக்கம் கோளாறு இல்லன்னு நினைக்கிறேன். ஏபில பிரிட்ஜ் விலான் ஃபில்டரிங் ஆன், லேன்1ல 10, 20 ரெண்டும் டேக்டு, 1 அன்டேக்டு, ஸ்விட்ச்ல ஏபி போற போர்ட்டும் அதே மாதிரிதான். கெஸ்ட் இன்டர்ஃபேஸ் பிஆர்-லேன்.20 (அந்த பிரிட்ஜோட விலான் 20) மேல, புரோட்டோகால் அன்மேனேஜ்டு (ஏபிக்குன்னு அதுல ஐபி கிடையாது). டிசிபிடம்ப் (பாக்கெட்டைப் பாக்கிற டூல்) ஓட்டினா பிஆர்-லேன்.20ல டிஸ்கவர் (ஐபி கேக்கிற) பாக்கெட் தெரியுது, பிஎஃப்சென்ஸ்ல எட்டிப் பாத்தா ஒண்ணுமே வரல.

யூடியூப்ல பாதி பேர் ஓபன்டபிள்யூஆர்டி 21.02க்கு முந்தின ஸ்விட்ச் மெனுவையே காட்றாங்க, என்னோடது டிஎஸ்ஏ (அதுக்குப் பதிலா வந்த புது முறை), அந்த மெனுவே கிடையாது.

20க்கு நேரா லோக்கல் டிக் இருக்கணுமா வேணாமா? இல்ல ஸ்விட்ச்ல ஏபி போர்ட் டேக்கை எங்கயாவது முழுங்குதா, அதை எப்படி செக் பண்றது? கான்ஃபிக் வேணும்னா கமெண்ட்ல போடறேன்.