பி.பி. கிங்: '80' கேட்கவா, 'ஒன் கைண்ட் ஃபேவர்' கேட்கவா?

மொட்டைமாடி கிதார்:
எட்டு மாதமாக கிதார் கற்றுக்கொள்கிறேன். அமெரிக்க ப்ளூஸ் பாடகரும் கிதார் கலைஞருமான பி.பி. கிங்கைக் கேள் என்றார் வாத்தியார். 2005-ல் வந்த '80' ஆல்பத்தில் எரிக் கிளாப்டன், மார்க் நாஃப்ளர், எல்டன் ஜான் என்று ஏகப்பட்ட விருந்தாளிகள். 2008-ல் வந்த 'ஒன் கைண்ட் ஃபேவர்' பழைய பாட்டுகளாம். எதில் தொடங்கலாம்?

பழைய ரேடியோ:
தம்பி, இரண்டாவதில் தொடங்குங்கள். '80'-ல் பாட்டுக்கு ஒரு பிரபலம் வந்து போகிறார். நல்ல ஆல்பம்தான், கிராமியும் வாங்கியது. ஆனால் கூட்டத்துக்குள் கிங்கைத் தேட வேண்டியிருக்கிறது. 'ஒன் கைண்ட் ஃபேவர்' டி போன் பர்னெட் தயாரித்தது. பியானோவில் டாக்டர் ஜான், டிரம்ஸில் ஜிம் கெல்ட்னர், பேஸில் நேதன் ஈஸ்ட். கல்யாணத்துக்கு வந்த பெரிய மனிதர்கள் பந்தி பரிமாற இறங்கிவிட்ட மாதிரி, ஒருவரும் முன்னால் வந்து நிற்பதில்லை.

சின்ன வயதில் மிசிசிப்பியில், பாட்டி முறை உறவுக்காரர் ஒருவர் வீட்டு கிராமஃபோனில் பழைய ப்ளூஸ் கலைஞர்களான பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனையும் லானி ஜான்சனையும் கேட்டு வளர்ந்தவர் கிங். 82 வயதில் அவர்கள் பாட்டுகளுக்கே திரும்புகிறார். முதல் பாட்டு ஜெஃபர்சனுடையது: ஒரே ஒரு உதவி, என் கல்லறையைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று கேட்கிறது. ஆல்பத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அப்பா இறந்த வருடம், ஊருக்குப் போகும் இரவு பஸ்ஸில் இதை முதல்முறை கேட்டேன். விடியும்வரை வேறு பாட்டு போடவில்லை.

தெற்குத்தெரு:
அண்ணன் சொன்னது சரி. அந்த ஜெஃபர்சனின் கல்லறைக்கே 1967 வரை அடையாளக் கல் கிடையாது. ஆனால் தம்பி, '80'-ல் பாடகர் பாபி பிளாண்டுடன் கிங் பாடியதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மெம்ஃபிஸ் நகரத்து நாட்களிலிருந்தே இருவருக்கும் பழக்கம், அது குரலிலேயே தெரியும்.

மொட்டைமாடி கிதார்:
நன்றி அண்ணா. வாசிப்பில் எதைக் கவனிக்கட்டும்?

பழைய ரேடியோ:
இடது கையை. வீடியோ பாருங்கள். ஆள்காட்டி விரல் மட்டும் தந்தியில் இருக்கும், கட்டைவிரல் கிதாரின் கழுத்தை விட்டு விலகிவிடும், கை முழுக்கச் சிறகடிக்கும். கிங்கின் சொந்தக்காரர் புக்கா வைட் ஸ்லைடில், அதாவது தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கும் குழாயில், எழுப்பிய ஒலி இவர் கைக்கு வசப்படவில்லை. அதை வெறும் விரலில் கொண்டுவரப் பார்த்துப் பிறந்ததுதான் இந்த அதிர்வு. அப்புறம், பாடும்போது வாசிக்கவே மாட்டார். வரி முடிந்தபிறகுதான் கிதார் பேசும். அந்த இடைவெளியைக் கேளுங்கள்.

மொட்டைமாடி கிதார்:
நேற்று இரவு முழு ஆல்பமும் கேட்டேன். கடைசியில் வரும் 'டுமாரோ நைட்' இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் கட்டைவிரலை எடுத்தால் கிதார் கீழே சரிகிறதே அண்ணா?

பழைய ரேடியோ:
உட்கார்ந்து வாசித்தாலும் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது தந்தி, பத்தாவது ஃப்ரெட் (கழுத்தில் இருக்கும் குறுக்குக் கம்பி). அது ஏ ஸ்வரம். அந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் அதிரவைத்துப் பழகுங்கள்.