எளிய தமிழில் வீடு கட்டும் ஒப்பந்தம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மாடிப்படி:

வீட்டு வேலை முடிந்து குடிவந்துவிட்டோம். கட்டின காலத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது எது என்று கேட்டால், ஒப்பந்தம் என்றுதான் சொல்வேன். அதுவும் அதை எழுதிய விதம். கட்டப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கான்ட்ராக்டர் முதலில் நீட்டிய தாள் பத்திர நடையில் இருந்தது. "முதல் பார்ட்டியார் இரண்டாம் பார்ட்டியாருக்கு வேலையின் முன்னேற்றத்தை அனுசரித்து அவ்வப்போது கொடுக்க வேண்டிய தொகைகளைக் காலதாமதமின்றிக் கொடுத்துவரக் கடமைப்பட்டவர்" என்று ஒரு ஷரத்து. எந்த வேலை முடிந்தால் எவ்வளவு என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவருக்கும் அது சரிவரப் புரியவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். "நாங்கள்" என்றால் வீட்டுக்காரர், "நீங்கள்" என்றால் கான்ட்ராக்டர் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டோம். அந்த ஷரத்து இப்படி ஆனது: "அஸ்திவாரமும் பேஸ்மெண்ட் மட்டமும் முடிந்ததை நாங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, 7 நாட்களுக்குள் மொத்தத் தொகையில் 15 சதவீதம் கொடுப்போம்." அப்புறம் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), கூரை கான்கிரீட், பூச்சு, தரை, பெயிண்ட் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி. கடைசி 5 சதவீதம் குறைகளைச் சரிசெய்து கொடுத்த பிறகு.

அளவுகளை எழுதிய பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு சைட்டிலேயே தொங்கவிட்டோம். "கதவு நிலையின் உயரம் 7 அடி. இது டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து அளப்பது" என்று அதில் ஒரு வரி. லிண்டல் மட்டம் குறிக்கிற அன்று கொத்தனார் டேப்பைக் கீழே இருந்த கரட்டுத் தரையில் வைத்து ஏழடிக்குக் கோடு போட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற பையன் தாளைப் பார்த்து அந்த வரியைப் படித்தான். கொத்தனார் ஒரு நிமிடம் யோசித்தார். டைல்ஸும் அடியில் வரும் கலவையும் சேர்ந்தால் இரண்டு அங்குலம் ஏறும் என்று அவரே கணக்குப் போட்டு, பழைய கோட்டை அழித்துவிட்டு மேலே புதுக்கோடு போட்டார். நான் வாயே திறக்கவில்லை. சைட்டில் நிற்கிற யாராலும் படிக்க முடிந்த ஒப்பந்தம் என்பதால்தான் அது நடந்தது.

ரசமட்டம்:

நல்ல பதிவு நண்பரே. நான் எதிர்ப்பக்கத்து ஆள், வீடு கட்டிக் கொடுக்கிறவன். இப்படிப்பட்ட ஒப்பந்தம் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் நல்லது என்று எங்கள் தொழிலில் நிறைய பேர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் எக்ஸ்ட்ரா வேலையில்தான். அதற்கு நான் வைத்திருக்கும் ஷரத்து இது: "வரைபடத்தில் இல்லாத எந்த வேலையையும் தொடங்கும் முன், என்ன வேலை, எவ்வளவு பணம் கூடும், எத்தனை நாள் கூடும் என்று எழுதி, நாம் இருவரும் கையெழுத்துப் போடுவோம். கையெழுத்து இல்லாத வேலைக்குப் பணம் இல்லை."

ஒரு வீட்டில், வீட்டுக்காரரின் அண்ணன் சைட்டுக்கு வந்தவர், சமையலறை லாஃப்டை நாலு பக்கமும் போடச் சொன்னார். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடித்துக்கொண்டிருந்தவர், "போட்டுடலாம் அண்ணே, சீட்டு மட்டும் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, இருந்த வேலையைத் தொடர்ந்தார். அன்று மாலையே சீட்டு எழுதி அனுப்பினேன். தொகையையும் நாளையும் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், "ஒரு பக்கம் போதும் சார்" என்றார். அவ்வளவுதான். சீட்டு இல்லாத காலமாக இருந்தால் நாலு பக்கமும் போட்டு முடித்திருப்போம். கடைசி பில்லில் அது ஏறும்போது "நானா கேட்டேன்?" என்று அவர் கேட்பார், "உங்கள் அண்ணன்தானே சொன்னார்" என்று நான் சொல்வேன். ரெண்டு பேர் சொல்வதும் உண்மை. பேச்சுவார்த்தை மட்டும் நின்றுபோகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் பணம் தரத் தாமதமானால் நான் என்ன செய்யலாம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். "கெடு தாண்டி 14 நாட்கள் ஆனால் வேலையை நிறுத்துவேன், நின்ற நாட்கள் முடிக்கும் தேதியோடு கூடும்" என்று எழுதி வைக்கிறேன். வாரக் கடைசியில் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவன் நான்.

நிலைக்கதவு:

"தரமான", "முதல் தரமான", "திருப்திகரமான" இந்த மூன்று சொற்களும் உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். யாருடைய திருப்தி?

எங்கள் கீழ்த்தளம் கட்டியபோது "குளியலறைகளுக்குத் தரமான முறையில் வாட்டர்ப்ரூஃபிங் செய்து தரப்படும்" என்று இருந்தது. சுவரோரம் ஈரம் ஏறியது. கட்டியவரை வரவழைத்துக் காட்டினால், தரமாகத்தான் செய்தோம் என்றார். இல்லை என்று நிரூபிக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

மாடி எடுக்கும்போது வேறு ஒருவர். இந்தத் தடவை எழுதியது: "டைல்ஸ் போடும் முன் குளியலறை வடிகாலை அடைத்து, தரை முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் வைப்பீர்கள். கீழே ஈரம் தெரிந்தால் உங்கள் செலவில் சரிசெய்து மறுபடியும் சோதிப்பீர்கள்." மறுநாள் காலை கீழ்வீட்டுக் கூரையில், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு தட்டளவுக்கு நனைந்திருந்தது. நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டக்கூட இல்லை. அவரே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "குழாயைச் சுத்தி மறுபடி அடைக்கணும்மா" என்று சொல்லி ஆளை வரச் சொன்னார். இரண்டாவது சோதனையில் சொட்டு ஈரமில்லை. அதற்கப்புறம்தான் டைல்ஸ்.

கான்கிரீட்டுக்கும் இப்படியே: வலிமை எம் 20 ரகம், போட்ட மறுநாளிலிருந்து குறைந்தது 7 நாட்கள் காயாமல் தண்ணீர் விட வேண்டும், அந்தத் தண்ணீர் யார் பொறுப்பு என்பது வரை.

தூக்குக்குண்டு:

நான் சிவில் இன்ஜினியர். எளிய நடை என்றால் வீட்டு வேலைக்கு மட்டும்தான் சரிப்படும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டனில் 1993-இல் வெளியான என்இசி (நியூ இன்ஜினியரிங் கான்ட்ராக்ட்) என்ற மாதிரி ஒப்பந்தம், புழக்கத்தில் உள்ள சொற்களில், குட்டி வாக்கியங்களில், நிகழ்காலத்தில் எழுதப்பட்டது. "கான்ட்ராக்டர் இதைச் செய்கிறார்" என்கிற தோரணை. பெரிய பெரிய கட்டுமானங்களே அதை வைத்து நடந்திருக்கின்றன.

ஆனால் எளிமை வேறு, குறைவாக எழுதுவது வேறு. ஒரே பக்கத்தில் முடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். படிக்கச் சுகமாக இருக்கும், சிக்கல் வந்தால் பதில் இருக்காது. சதுர அடிக் கணக்கில் படிக்கட்டும் போர்டிகோவும் பால்கனியும் சேருமா, சேர்ந்தால் முழுசாகவா பாதியாகவா? தண்ணீர்த் தொட்டியும் சுற்றுச்சுவரும் உள்ளேயா, தனியா? வேலைக்கான கரண்ட் யாருடையது? மழையில் நின்ற நாட்களை எப்படிக் கணக்கிடுவது? ஆளுக்கு அடிபட்டால் செலவு யாருடையது, காப்பீடு யார் எடுப்பது? பாதியில் பிரிய நேர்ந்தால் அதுவரை முடிந்த வேலையை அளப்பது யார்? இந்தக் கடைசிக் கேள்வியை எழுத எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே பிரிவைப் பேசுவது போல இருக்கிறதாம். தயவுசெய்து எழுதுங்கள். முகம் பார்த்துப் பேச முடிகிற நேரம் அதுதான்.

வரைபடத்தில் ஜன்னல் 4 அடி, பொருள் பட்டியலில் 3 அடி என்று இருப்பதும் சகஜம். முரண்பட்டால் எது செல்லும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். எல்லாம் எழுதியபின் உங்கள் ஊர்ச் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். நடையைக் கடினமாக்க வேண்டாம், ஓட்டை இருந்தால் மட்டும் அடைத்துக் கொடுங்கள் என்று கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

மாடிப்படி:

அருமை சார். மழை நாட்களுக்கான வரி எங்களுடையதில் உண்டு. பிரிவதைப் பற்றி இல்லை, அடுத்து கட்டப்போகும் தங்கைக்குச் சேர்த்துக் கொடுக்கிறேன். ரசமட்டம் அண்ணா, குறை சரிசெய்யும் காலத்தை நீங்கள் எத்தனை மாதம் வைக்கிறீர்கள்? எங்களுக்கு ஆறு மாதம்தான் ஒப்புக்கொண்டார்.

ரசமட்டம்:

நான் 12 மாதம் எழுதுகிறேன். ஒரு மழையும் ஒரு வெயிலும் வீட்டின் மேல் பட்டால்தான் விரிசலும் கசிவும் முகம் காட்டும். எந்த நாளிலிருந்து என்பதையும் எழுதச் சொல்லுங்கள்: "சாவி கொடுத்த நாளிலிருந்து." சிலர் கடைசிப் பணம் வாங்கிய நாளிலிருந்து என்பார்கள், சிலர் பெயிண்ட் முடிந்த நாளிலிருந்து என்பார்கள். சாவி வாங்கும்போது தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் அந்தப் பேச்சே வராது. குறையைச் சொன்னபிறகு எத்தனை நாளில் ஆள் வர வேண்டும் என்பதையும் தங்கை ஒப்பந்தத்தில் போட்டுவிடுங்கள். நான் 10 நாள் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஒழுகினால் மட்டும் 2 நாள்.