பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்த ஆடிட்டர்

வடகடல்:

ஆடிட்டர் என்றாலே நம் பக்கத்தில் இரண்டு பேச்சுதான் கேட்டிருக்கிறேன். வந்தார், சாப்பிட்டார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் என்பது ஒன்று. ஒன்றுமில்லாததற்கெல்லாம் தடை, அதாவது கணக்கில் குறை இருக்கிறது என்ற குறிப்பு, எழுதி உயிரை எடுத்துவிட்டார் என்பது இன்னொன்று. மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நடுவே ஒரு கடலோர ஊரில், மீனவர் கூட்டுறவு சங்கத்தில் பல வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். இந்த இரண்டிலும் சேராத ஒருவரைப் பார்த்திருக்கிறேன், அதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

சேமிப்பு நிவாரணத் திட்டம் தெரியும்தானே? மீனவப் பெண் தன் பங்காக 1,500 ரூபாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் அரசு 3,000 ரூபாய் சேர்த்து, மீன் வரத்து இல்லாத மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது சின்னத் தொகையாகத் தெரியலாம். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு அது. அதை வசூல் செய்த பொறுப்பாளர் ரசீது போடுவார், பாஸ்புக்கிலும் குறிப்பார், ஆனால் ரொக்கப் புத்தகத்தில் அது ஏறுவதற்குப் பதினைந்து நாள் ஆகும், சில நேரம் ஒரு மாதம் ஆகும், சிலருடைய பணம் ஏறவே இல்லை. நடுவில் அந்தப் பணம் அவருடைய சொந்த வேலைகளுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயம்.

அந்த வருஷம் வந்த கூட்டுறவுத் தணிக்கையாளர் முதல் நாள் முழுக்கப் புத்தகங்களைத்தான் புரட்டினார். சாயங்காலம் கிளம்பும்போது, உறுப்பினர்களின் பாஸ்புக்கை நாளைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். எல்லாரும் கரைக்குப் போய்விடுவார்கள், கிடைக்க மாட்டார்கள் என்று பொறுப்பாளர் சமாளித்தார். அப்படியானால் நானே கரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார் அவர். மறுநாள் விடிகாலையில், வாடைக்காற்று அடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் மேல் பேரேட்டை விரித்து வைத்து உட்கார்ந்தார். பெண்கள் வீட்டுக்கு ஓடிப்போய் அரிசி டப்பாவிலிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் பாஸ்புக்கை எடுத்து வந்தார்கள். ஒரு பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், "இது சூடை மீன் வித்த காசு, இது நகரை மீன் வித்த காசு, இது மகன் கொடுத்தது" என்று எட்டுத் தவணையையும் ஒப்பித்தார். பேரேட்டில் ஐந்துதான் இருந்தது.

அறிக்கையில் 'தற்காலிகக் கையாடல்' என்று தேதி வாரியாக, ஆள் வாரியாக எழுதினார். கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 87-ஆவது பிரிவில் தண்டத்தீர்வை, அதாவது நஷ்டத்தைப் பொறுப்பானவரிடமே வசூலிக்கும் உத்தரவு, வரை போனது, பணம் வட்டியோடு திரும்பியது. விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள், அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அதற்கு முன்பே அந்தத் தணிக்கையாளர் என்னைத் தனியாக அழைத்து ஒன்று கேட்டிருந்தார்: "ஒரு தபால் கார்டு போட்டிருக்கலாமே ஐயா, பேர்கூட எழுத வேண்டாமே?" அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

அவரால் எப்படி அப்படி உட்கார முடிந்தது என்று பிறகு நிறைய யோசித்தேன். நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அது மட்டும் போதாது. எங்கள் சங்கத்துக்கு மீன்வளத்துறை மேலே இருந்தது. அவரோ கூட்டுறவுத் தணிக்கைத் துறை ஆள், அது நிதித்துறைக்குக் கீழே வருவது. அவருடைய சம்பளம், இடமாறுதல், பதவி உயர்வு எதுவும் எங்கள் தலைவர் கையில் இல்லை. தணிக்கைக் கட்டணத்தைச் சங்கம் கட்டினாலும் அது அரசுக்குத்தான் போகிறது, அவர் கைக்கு வருவதில்லை. தலைவரே ஆளைப் பிடித்து வந்து கணக்குப் பார்க்க வைத்திருந்தால் அந்த வள்ளத்தடிக்கு யார் வந்திருப்பார்கள்?

மூக்கையூர்:

உங்களுக்கு நல்லவர் வாய்த்தார் அண்ணே. எங்கள் ஊராட்சியில் டீச் செலவு இருநூறு ரூபாய்க்கு ரசீது இல்லை என்று தடை எழுதினார்கள். ஒரே மழையில் பெயர்ந்துபோன தார் ரோட்டை யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

உப்பங்காற்று:

மூக்கையூர் அண்ணன் கோபம் நியாயமானது. நான் அந்த வேலையில் இருப்பவள், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. அப்பா தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு வைத்திருந்தார். குரூப் 2 எழுதி ரேங்க் வந்து கலந்தாய்வுக்குப் போனபோதுதான் உதவி ஆய்வாளர் என்று இப்படி ஒரு பதவி இருப்பதே எனக்குத் தெரியும். கோயில் கணக்குப் பார்க்கிற அறநிலையத்துறை தணிக்கை ஆய்வாளர் பதவிக்கும் இதே தேர்வாணையத் தேர்வுதான் வழி. சேர்ந்த பிறகு துறைத் தேர்வு, கணக்குத் தேர்வு என்று எழுத வேண்டும். யாருடைய சிபாரிசும் இல்லாமல் உள்ளே வந்தவள் என்ற நினைப்பு, ஒரு அலுவலகத்தில் போய் 'அந்தக் கோப்பைக் கொடுங்கள்' என்று கேட்கும்போது எவ்வளவு தெம்பு தருகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு கடலோரப் பேரூராட்சி, பெயர் வேண்டாம். கோடையில் லாரித் தண்ணீர் விட்ட பில்கள். செலவுச்சீட்டு, கையெழுத்து, தீர்மானம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. எனக்கு ஒரே நாளில் ஒரே லாரிக்கு எழுதியிருந்த நடைகளின் எண்ணிக்கைதான் உறுத்தியது. தண்ணீர் எடுக்கும் இடம் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் அந்தத் தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றவள் நான். போக, வர, நிரப்ப, இறக்க என்று கணக்குப் போட்டால் அந்த லாரி தூங்காமல் ஓடியிருந்தாலும் அத்தனை நடை வராது. தடை எழுதினேன். அதற்கு முந்தின வருஷங்களின் பில்களையும் யாரோ பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் எல்லாச் சீட்டையும் பார்ப்பதில்லை, மாதிரிக்கு எடுத்துத்தான் பார்க்கிறோம். ரோடு தப்பிப்போவதற்கும் அதுதான் காரணம் அண்ணே. செய்த வேலையின் அளவைப் பதிகிற அளவுப் புத்தகத்தில் இருக்கிற கனத்தைத் தோண்டிப் பார்க்க ஆளும் நேரமும் வேண்டும்.

தடை எழுதுவது பாதி வேலைதான். பதில் வர வேண்டும், இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற கூட்டமர்வு போட வேண்டும், அதற்குள் அந்த அலுவலர் மாறுதலாகிப் போயிருப்பார். நிலுவைத் தடைகள் அப்படியே கிடக்கும். ஓய்வு பெறுகிற நேரத்தில் தடை எதுவும் பாக்கி இல்லை என்று சான்று கேட்டு ஓடி வருவார்கள்.

எங்களுக்கும் மேலே ஏஜி ஆபீஸ், அதாவது மாநிலக் கணக்காயர் அலுவலகம், சென்னை தேனாம்பேட்டையில். மாநில அரசின் கணக்கைத் தணிக்கை செய்வது அவர்கள், ஆனால் மாநில அரசு ஊழியர்கள் இல்லை, தில்லியில் இருக்கிற தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்கள். அரசியல் சாசனத்தின் 148-ஆவது பிரிவுப்படி அவரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். பதவிக்காலம் 6 வருஷம் அல்லது 65 வயது, எது முந்துகிறதோ அதுவரை. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே வழியில்தான் அவரை நீக்க முடியும், பதவி முடிந்த பிறகு மத்தியிலும் மாநிலத்திலும் வேறு அரசுப் பதவி கிடையாது. நம் மாநிலத்தைப் பற்றிய அறிக்கை ஆளுநரிடம் போய், சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, சட்டமன்ற உறுப்பினர்கள் கொண்ட பொதுக் கணக்குக் குழுவுக்கு வரும். இவ்வளவு காப்பு வைத்தவர்கள் அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் எழுதிவைக்கவில்லை. நடைமுறையில் மத்திய அரசு சொல்கிற பெயர்தான். தேர்வுக்குழு வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 2025 மார்ச்சில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் போனது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாதிரி சில மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டுத் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், டெக்சாஸில் சட்டமன்றக் குழு நியமிக்கிறது. ஓட்டுப் போடுவது நமக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம், சுவரொட்டி அடிக்கப் பணம் கொடுத்தவரின் கணக்கைப் பிறகு எப்படிப் பார்ப்பது? ஆனால் எதிர்க்கட்சியும் உட்கார்ந்து முடிவெடுக்கிற குழு கட்டாயம் வேண்டும்.

சாயல்குடிக்காரி:

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் சமூகத் தணிக்கை ஞாபகம் வந்தது. 2005-ஆம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு, கிராம சபையே கணக்கைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வந்தவர்கள் எங்களை மாதிரியே மண்வெட்டி பிடித்த குடும்பத்துப் பெண்கள்தான், ஆனால் வேறு ஊராட்சிக்காரர்கள். உள்ளூர் ஆளை அந்த ஊர்த் தணிக்கைக்குப் போடக் கூடாது என்று 2011-ஆம் வருஷத்து விதியிலேயே இருந்ததாம். ஊரணிக்குள் இறங்கி டேப் பிடித்து அளந்தார்கள், பிறகு வீடு வீடாக வந்து வேலை அட்டையை வாங்கி, எந்த வாரம் வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டார்கள். என் பெரியம்மா பேரில் பதினான்கு நாள் வேலை செய்ததாக எழுதியிருந்தது. அந்தப் பதினான்கு நாளும் பெரியம்மா கீழக்கரையில், மகளுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். கிராம சபையில் அதை வாசித்தபோது தலைவருக்கு வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். பெரியம்மா எழுந்து, "என் பேரன் பொறந்த தேதி எனக்குத் தெரியாதா, ஆஸ்பத்திரி சீட்டு கொண்டு வரவா?" என்று கேட்டதும் அமைதியாகிவிட்டது. அந்தத் தணிக்கைப் பெண் கை நடுங்க நடுங்கத்தான் வாசித்தாள். ஆனாலும் ஒரு வரிகூட விடாமல் வாசித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

வடகடல்:

தங்கச்சி, உங்கள் பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மூக்கையூர் தம்பி, அந்த ரோட்டுக்கு அளவுப் புத்தக நகலையும் அந்த வருஷத் தணிக்கை அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். மனு எழுத வராவிட்டால் நான் எழுதித் தருகிறேன். தேதி, இடம், எவ்வளவு தூரம் ரோடு பெயர்ந்திருக்கிறது, இது மூன்றையும் மட்டும் குறித்து அனுப்புங்கள்.