'இன்ஃப்ளுயன்ஸ் ஆபரேஷன்': தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒரு தரப்பு தன்னை மறைத்துக்கொண்டு பொதுக்கருத்தைத் திருப்ப நடத்தும் வேலையை ஆங்கிலத்தில் 'இன்ஃப்ளுயன்ஸ் ஆபரேஷன்' என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: செல்வாக்கு நடவடிக்கை, தாக்கச் செயற்பாடு, கருத்துப்போர், பொய்ப்பரப்புரை. ஊடகப் பயிற்சிக் கையேடு ஒன்றை நான் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் இயலிலேயே பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் வந்து நிற்கிறது. எனவே எனக்கு அவசரம்தான். ஆனாலும் இந்த நான்கில் ஒன்றையும் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

முதல் மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'செல்வாக்கு' தமிழில் ஒருவருக்கு இருப்பது, ஊரறிய இருப்பது. 'நடவடிக்கை'யோ நாளிதழ்களில் 'எடுக்கப்படும்' என்பதோடு ஒட்டியே பிறந்த சொல். இரண்டையும் சேர்த்தால் செல்வாக்குள்ளவர்மீது எடுக்கும் நடவடிக்கை என்றுதான் காதில் விழுகிறது. 'தாக்கச் செயற்பாடு' என்றால் தாக்குதல் நினைவுக்கு வருகிறது. 'கருத்துப்போர்' நல்ல சொல், ஆனால் அது முகம் காட்டி மேடையேறி வாதிடுவதற்குரியது. அதை இந்த இழிவுக்குத் தாரைவார்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நான்காவதுதான் நம்மை ஏமாற்றக்கூடியது. 'பொய்ப்பரப்புரை' எளிது, எவருக்கும் புரியும். குழுமத்தில் பாதிப்பேர் அதன் பக்கம் இருக்கிறீர்கள். அது ஏன் கூடாது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்காக இணையச் செய்தி ஒன்றின் பின்னூட்டங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். பொதுத்திட்டம் ஒன்றில் நடந்த முறைகேடு பற்றிய செய்தி அது. செய்தி உண்மை; தணிக்கை அறிக்கையிலேயே இருந்தது. அதன் கீழே பதினோரு பேர் கொதித்து எழுதியிருந்தார்கள். ஒருவர் ஆசிரியை, ஒருவர் ஓட்டுநர், ஒருவர் கல்லூரி மாணவர் என்று முகப்புப்படமும் அறிமுகக் குறிப்பும் சொல்லின. மூன்றாவதைப் படிக்கும்போது கண்ணில் ஏதோ உறுத்தியது. 'மக்களுக்கு விளிப்புணர்வு வேண்டும்' என்று இருந்தது. ழகரம் தவறுவது எவருக்கும் நேரும், விட்டுவிட்டேன். ஐந்தாவதிலும் விளிப்புணர்வு. எட்டாவதிலும் அதே. அந்தச் சொல்லுக்குப் பிறகு மூன்றிலும் ஒரே மாதிரி இரண்டு இடைவெளி. பதினோரு கணக்குகளையும் திறந்து பார்த்தேன். எல்லாமே ஒரே வாரத்தில் தொடங்கப்பட்டவை. அங்கே ஒரு பொய்யான செய்திகூட இல்லை. பொய்யாக இருந்தவர்கள் அந்தப் பதினோரு பேர்.

2016 மே 21 அன்று அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் நடந்ததும் இதுவே. ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் இரண்டு கூட்டம் எதிரும்புதிருமாகத் திரண்டது. ஒன்று டெக்சாஸ் மண்ணின் பெருமை பேசிய ஃபேஸ்புக் பக்கத்தின் அழைப்பை ஏற்று வந்தது. இன்னொன்று அமெரிக்க முஸ்லிம்களின் ஒற்றுமை பேசிய பக்கத்தின் அழைப்பை ஏற்று வந்தது. இரண்டு பக்கங்களையும் நடத்தியவர்கள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இணைய ஆய்வு முகமை என்ற ஒரே நிறுவனத்தார். தெருவில் நின்றவர்கள் மெய்யான மனிதர்கள், அவர்களது கோபமும் மெய். அழைத்தவர்தான் இல்லை. இதில் எந்த வாக்கியத்தைப் பிடித்து 'இது பொய்' என்று முத்திரை குத்துவோம்?

பொய்யும் சேர்ந்துகொள்ளும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. 1983 ஜூலையில் புதுதில்லியின் 'பேட்ரியட்' நாளிதழில் ஒரு மொட்டைக் கடிதம் வெளியானது. எய்ட்ஸ் நோய்க் கிருமி அமெரிக்கப் படைத்துறையின் ஆய்வுக்கூடத்தில் உருவானது என்றது அது. எழுதியவர் பெயர் சொல்லாத ஓர் அமெரிக்க அறிவியலாளராம். இரண்டு ஆண்டு கழித்து, 1985-இல், மாஸ்கோவின் இதழ் ஒன்று அதே கதையை விரித்தெழுதியது. சான்றாகக் காட்டியது இந்தியப் பத்திரிகையை. அங்கிருந்து அது உலகம் சுற்றியது. பின்னணியில் இருந்தது சோவியத் உளவுத்துறை. 1992-இல் ரஷ்ய அயல் உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ் இதை ஒப்புக்கொண்டார். பொய் பெரிதுதான். ஆனால் அதற்குக் கால் முளைத்தது எப்படி? தன் குரலையே அயலார் குரலாக்கி, அதையே மேற்கோள் காட்டியதால்.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. கோவிட் காலத்தில் பிலிப்பைன்ஸ் மக்களிடையே சீனத் தடுப்பூசியின்மீது ஐயத்தை விதைக்க அமெரிக்கப் படைத்துறை உள்ளூர்க்காரர்போல் போலிக் கணக்குகளை நடத்தியதை ராய்ட்டர்ஸ் 2024-இல் வெளிக்கொணர்ந்தது.

ஆட்டைத் தோளில் சுமந்து போனவரை வழியில் மூன்று பேர் தனித்தனியே மறித்து 'என்ன ஐயா, நாயைச் சுமந்து போகிறீர்?' என்று கேட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஒருவன் சொன்னபோது சினந்தார். இரண்டாமவன் சொன்னபோது இறக்கிப் பார்த்தார். மூன்றாமவன் சொன்னதும் விட்டுவிட்டு ஓடினார். அவரை வீழ்த்தியது 'நாய்' என்ற பொய் அல்ல; அதை முதல் ஆளிடமே அவர் நம்பவில்லையே! மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்ற தோற்றம்தான் வீழ்த்தியது. ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும் சோதனையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர்
சொற்றொக்க தேறப் படும்.

ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும். அப்படிப்பட்ட மூவர் சொல் ஒத்துவந்தால் நம்பலாம். நாம் அன்றாடம் எதையும் நம்புவது இந்த முறையில்தான். பலரும் சொல்கிறார்களே என்று. அந்த நல்ல பழக்கத்தையே திருடிப் பிழைக்கிறது இந்தத் தொழில். 2018 வாக்கில் ஃபேஸ்புக் நிறுவனம் இதைக் கையாள விதி வகுத்தபோதும் பதிவின் உள்ளடக்கத்தை அளவுகோலாக்கவில்லை. ஒருங்கிணைந்து, ஆள் மாறாட்டம் செய்து நடப்பதா என்ற நடத்தையைத்தான் எடுத்துக்கொண்டது.

பெயரில் 'பொய்' இருந்தால், மருந்தாகப் 'பொய் எது, மெய் எது' என்று தீர்ப்பளிக்கும் ஓர் அதிகாரம் வந்து உட்காரும். அதிகாரத்துக்குப் பிடிக்காத உண்மையும் அந்தப் பட்டியலில் ஏறும். பெயரில் 'வேடம்' இருந்தால் மருந்து வேடத்தைக் கலைப்பது. பேச்சை நிறுத்த வேண்டியதில்லை; பேசுவது யார் என்று காட்டினால் போதும். ஒரு கலைச்சொல்லுக்கு இவ்வளவு பொறுப்பா என்று கேட்காதீர்கள். சட்ட முன்வரைவில் நாளை ஏறப்போவது நாம் இன்று போடும் சொல்லாகவும் இருக்கலாம்.

ஆகவே என் பரிந்துரை: வேடப்பரப்புரை. 'பரப்புரை' என்ற பகுதி பொருத்தம்தான். 'ப்ராபகாண்டா' என்ற இலத்தீன் சொல்லுக்கே பரப்பப்பட வேண்டியவை என்றுதான் பொருள். 1622-இல் போப் பதினைந்தாம் கிரகோரி சமயம் பரப்ப நிறுவிய பேராயத்தின் பெயரிலிருந்து வந்தது. தமிழில் பரப்புரை இன்னும் பழிச்சொல் ஆகவில்லை. தேர்தல் பரப்புரை என்று வெளிப்படையாகச் சொல்கிறோம். அதனால் முன்னால் 'வேடம்' கட்டாயம் வேண்டும். போலிக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 'கள்ளக்குரல்'. கள்ள ஓட்டு என்கிறோமே, ஒருவரே பலர் பெயரில் போடுவது, அதே தடம்.

இதை எதிர்கொள்ளும் பக்கத்துக்கும் சொல் வேண்டும். சுவீடன் 2022 ஜனவரியில் இதற்கென ஒரு முகமை தொடங்கியது. வெளிநாட்டார் வேலையைக் கண்டறிவதும் மக்களைத் தயார்ப்படுத்துவதும் அதன் பணி; சொந்த நாட்டார் விவாதத்தில் தலையிடுவதில்லை. அதன் பெயரில் உள்ள 'சைக்கலாஜிக்கல் டிஃபென்ஸ்' என்பதை 'உளவியல் தற்காப்பு' என்று பெயர்த்தால் மனநல மருத்துவத்துக்குப் போய்விடும். 'கருத்துக்காவல்' என்ற முன்மொழிவு எனக்கு அச்சமூட்டுகிறது, கருத்தைக் கைதுசெய்யும் காவலாகவே ஒலிக்கிறது. 'அறிவரண்' எப்படி? 'செறுவார்க்கும் உள்ளழிக்கலாகா அரண்' என்று அறிவைத்தான் குறள் சொல்கிறது. பகைவர் உள்ளே புகுந்து அழிக்க முடியாத கோட்டை. நம் சிக்கலும் உள்ளே புகுவதுதானே.

இத்தகைய பரப்புரை வந்து சேர்வதற்கு முன்பே மக்களை எச்சரித்து வைப்பது 'ப்ரீபங்க்கிங்'. அதற்கு 'முன்மறுப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மக்வயர் 1960-களில் தடுப்பூசியை உவமையாக வைத்துத் தொடங்கிய ஆய்வுக்கு அது பொருந்தும். வலுக்குறைத்த வாதத்தை மறுப்போடு முன்கூட்டியே கொடுத்தால் மனம் பழகிக்கொள்ளும் என்றார் அவர். இன்று குறிப்பிட்ட பொய்யை மறுப்பதைவிட உத்தியைக் காட்டிக்கொடுப்பதே அதிகம் நடக்கிறது. அதனால் 'முன்னுணர்த்தல்' என்பேன்.

அன்புடன்.

———

மறுமொழி

ஐயா, வணக்கம்.

பொய்யை அளவுகோலாக வைக்கக்கூடாது என்பதில் முழு உடன்பாடு. 'அறிவரண்' வாயில் நன்றாக நிற்கிறது. ஆனால் மற்ற இரண்டிலும் எனக்குத் தடை உண்டு.

'வேடப்பரப்புரை' என்றால் புனைபெயரில் எழுதுபவர் எல்லோரும் அதற்குள் வந்துவிடுவார்களே? நானே பன்னிரண்டு ஆண்டு புனைபெயரில்தான் எழுதினேன். வேலை பார்த்த இடத்தில் நடந்த அநீதிகளை என் பெயரில் எழுதியிருந்தால் அடுத்த மாதச் சம்பளம் வந்திருக்காது. பெண்கள் பலருக்கு இணையத்தில் புனைபெயர்தான் கதவுத் தாழ்ப்பாள். நாளை இந்தச் சொல் சட்டத்தில் ஏறலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். 'வேடத்தைக் கலை' என்று அவர்களிடமும் கேட்டால்? நான் ஒரு புனைபெயருக்குள் ஒரே ஆளாக இருந்தேன், ஐயா. நீங்கள் பார்த்த பதினோரு பேருக்குள் இருந்தது ஓர் ஆள். குற்றம் மறைவில் இல்லை, பெருக்கத்தில் இருக்கிறது. சொல்லில் 'பல' இருந்தே ஆக வேண்டும். 'பலகுரல் பரப்புரை' என்று வைக்கலாம். ஒருவரே பலர் குரலில் பேசுவதற்கு அது ஏற்கெனவே வழங்கும் சொல்.

'கள்ளக்குரல்' இன்று வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கட்சித் தலைவர் தேர்தல் மோசடி பற்றிப் பேசுவதுபோல் ஒலிப்பதிவு பரவியது. இயந்திரம் செய்த குரல். அதைக் கேட்கும் தமிழர் எவரும் கள்ளக்குரல் என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுங்கள்.

———

மறுமொழி

அன்புள்ள அம்மா,

நீங்கள் சொன்னது சரி. புனைபெயரை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அது பெரிய பிழை. சுட்டிக்காட்டியதற்கு மனமார்ந்த நன்றி.

ஆனால் 'பலகுரல்' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது மேடையில் தன் பெயர் சொல்லிக் கைதட்டல் வாங்கும் கலைஞரின் சொல். தவிர, பல குரல் ஒலிப்பது ஒரு சமூகத்துக்கு நன்மை. நாம் காக்க நினைப்பதும் அதைத்தான். ஆகவே 'பல்வேடப் பரப்புரை' என்று திருத்திக்கொள்கிறேன். வரையறையில் இப்படி எழுதுகிறேன்: 'ஒரு தரப்பு தன்னை மறைத்துக்கொண்டு, தொடர்பற்ற பலர்போல் தோன்றி, பொதுக்கருத்தைத் திருப்ப முயல்வது. சொல்லப்படும் செய்தி மெய்யாகவும் இருக்கலாம். ஒருவர் ஒரு புனைபெயரில் எழுதுவது இதில் அடங்காது.' கடைசி வரி உங்களுடையது.

போலிக் கணக்குக்கு 'வேடக்கணக்கு'. கள்ளக்குரலை இயந்திரக் குரலுக்கே கொடுத்துவிடலாம்.

முதல் இயலை இந்தச் சொற்களோடு இன்றிரவு மாற்றி எழுதத் தொடங்குகிறேன். 'முன்னுணர்த்தல்' பற்றி இதுவரை எவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் இயலுக்கு வருவதற்குள் தடையிருந்தால் எழுதுங்கள்.