மறுமொழி: ஃபைன்லைனர், இங்கிங் – கோட்டுப்பேனா, மையெழுதல்

அன்புள்ள ஐயா,

> ஃபைன்லைனர் = நுண்முனைப் பேனா; இங்கிங் = மையிடல்

படத்துக்குக் கோடு போடும் பேனாவான ஃபைன்லைனருக்கும், பென்சில் கோட்டின்மேல் மையால் வரைவதான இங்கிங்குக்கும் நீங்கள் சொன்ன இந்தத் தமிழ்ச் சொற்கள் இரண்டிலும் எனக்குச் சிறு தடை இருக்கிறது. முனை நுண்மையாக இருப்பது அந்தப் பேனாவின் இயல்புகளில் ஒன்று, அவ்வளவுதான். சக்குரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் பேனாக்களில் 005 என்ற எண்ணுள்ள முனை 0.20 மி.மீ. கோடு போடும், 08 முனை 0.50 மி.மீ. அதே வரிசையில் தூரிகை முனையும் உண்டு, மார்க்கர் ஓவியர்கள் அதையும் இதே வேலைக்குத்தான் எடுக்கிறார்கள். அதை நுண்முனை என்று எப்படிச் சொல்வது? கோட்டோவியம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிறது. அந்தக் கோட்டைப் போடுவது கோட்டுப்பேனா. கடையில் கேட்டாலும் புரியும்.

அடுத்தது மையிடல். தவறில்லை, ஆனால் பேனாவுக்குள் மை ஊற்றுவதையும் அது குறிக்குமே. நான் மையெழுதல் என்கிறேன். தமிழில் எழுதுதல் என்றால் வரைதலும்தான். கண்ணில் மை தீட்டுவதை வள்ளுவர் ‘கண்ணும் எழுதேம்’ என்கிறார் (1127). ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ (1285) என்ற இடத்தில் கோலும் வந்துவிடுகிறது. இமையோரம் மை ஓடியதும் கண் எடுப்பாகத் தெரிகிறதே, பென்சில் கோட்டின்மேல் மைக்கோடு ஓடும்போது படத்துக்கும் அதேதான் நடக்கிறது. பேனாவையும் மைக்கோல் என்றே சொல்லலாமா என்று யோசித்தேன். சிலர் எல்லாப் பேனாவையுமே அப்படிச் சொல்வதால் விட்டுவிட்டேன்.

பேனா வாங்குபவருக்கு இவற்றைவிட அவசரமாக வேண்டியவை வேறு இரண்டு சொற்கள்: சாய மை, நிறமி மை. சனிக்கிழமை என்னிடம் வரைய வரும் சிறுமி ஒருத்தி, பழுப்புப் பேனாவால் ஒரு சூரியகாந்தியை அழகாக மையெழுதிவிட்டு, மேலே ஆல்கஹால் மார்க்கரால் (ஆல்கஹால் கலந்த மை உள்ள வண்ணப் பேனா) மஞ்சள் பூசினாள். இதழோரத்துப் பழுப்பு கரைந்து மஞ்சளுக்குள் ஓடியது. மார்க்கர் முனையும் அந்தப் பழுப்பை உறிஞ்சிக்கொண்டது. அடுத்த இதழ் சேற்று நிறத்தில் வந்தது. குழந்தைக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பழுப்புப் பேனாவில் இருந்தது சாய மை. துணியில் சாயம் போகிற மாதிரிதான், பல சாய மைகளை ஆல்கஹால் கரைத்துவிடும். நிறமி மையில் நிறம் நுண்துகளாக இருப்பதால், நன்றாகக் காய்ந்தபின் காகிதத்தில் பிடித்து நின்றுவிடும். மறுவாரம் நிறமி மைப் பழுப்பால் வரைந்து, காயவிட்டுப் பூசினோம். கோடு அசையவில்லை.

நிறத் தேர்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் கறுப்பு வேண்டாம். பூசப்போகும் நிறத்தின் அடர்ந்த உறவு நிறத்தை எடுங்கள்: மஞ்சள் இதழுக்கும் தோலுக்கும் பழுப்பு, இலைக்குக் கரும்பச்சை. கறுப்புக் கோடு மென்னிறங்களை அமுக்கிவிடும். நரம்பு, முடி போன்ற நுணுக்கங்களை மார்க்கர் பூசியபின் போடுவதானால் தாள் உலரும்வரை பொறுங்கள். ஈரத்தாளில் 005 முனை சீக்கிரம் நைந்துபோகும். ஒளி பட்டு மின்னுவதைக் காட்டும் ஒளிப்புள்ளிக்கு வெள்ளை ஜெல் பேனா கடைசியில்தான்.

அப்புறம் ஒன்று. மை தாளின் இழைவழியே தானாகப் பரவுவதை ஊறல் என்றும், கைபட்டோ மார்க்கர் உரசியோ கலைவதை இழுகல் என்றும் பிரிக்கலாமா? என் மாணவர்கள் ‘மை இழுகிடுச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் பக்கம் இதற்கு என்ன சொல்வீர்கள்?

அன்புடன்.