களப்பணிக்குப் போனா விடுப்பா?

வணக்கம். ஊர் காரைக்குடி. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கிட்டு முழுநேரமா முனைவர் பட்ட ஆய்வு செய்யுறேன், தலைப்பு ஆத்தங்குடி பூக்கல் (கையால செய்யுற சிமெண்டுத் தரைக்கல்). கண்ணாடி மேல அச்சை வச்சு வண்ணச் சாந்தை ஊத்துற கையைப் பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான் எனக்குத் தரவு. அதே காலையில துறைப் பதிவேட்டுலயும் கையெழுத்துப் போடணும்னா எப்படி?

போன மாசம் பதினோரு நாள் பட்டறைக்குப் போனேன். நெறியாளர் வாய்வார்த்தையா சரின்னார் (எழுதி வாங்காதது என் தப்பு). அலுவலகத்துல அத்தனையையும் விடுப்புல கழிச்சுட்டாங்க. உதவித்தொகை வாங்குறவங்களுக்கு அரசு விடுமுறை போக வருஷத்துக்கு 30 நாள்தான், கோடை விடுமுறையும் கிடையாது. இப்ப மிச்சம் நாலு நாள்.

களப்பணியைப் பணி நாளாவே காட்ட முன்கூட்டி என்ன கடிதம் குடுத்தீங்க? கழிச்ச நாளைத் திரும்ப வாங்கினவங்க இருக்கீங்களா?

இன்னொண்ணு, தையில பிரசவம். யு.ஜி.சி.யோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 முனைவர் பட்ட விதிமுறையில பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கு. அதைப் பிரிச்சு எடுத்த அக்காமார் யாராச்சும் விண்ணப்ப மாதிரி அனுப்புங்களேன். "கல்லு எங்க ஓடிப்போகப் போகுது, மொதல்ல பிள்ளையப் பெறு"ங்குறாங்க மாமியார்.