இடுப்பு வலிக்கு பிலாட்டிஸ்: கடலூரிலிருந்து புதுச்சேரி வரை போகத்தான் வேண்டுமா?

மஞ்சக்குப்பம்_தையல்:
வணக்கம். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன், வயது 44. தீபாவளி ஆர்டர் நேரத்தில் பிடித்த கீழ் முதுகு வலி இன்னும் விட்டபாடில்லை. காலையில் பல் தேய்க்கக் குனிந்தால் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் நடமாடினால் தேவலை, மறுபடி மெஷினில் உட்கார்ந்தால் பழைய கதைதான். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் என்று போட்டிருக்கிறது, அதாவது கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கியிருக்கிறதாம். ஆபரேஷன் தேவையில்லை, பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நாத்தனார் புதுச்சேரியில் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி வகுப்பில் சேரச் சொல்கிறார், ஸ்பிரிங் மாட்டிய கட்டில் மாதிரி ஒரு மெஷினில் படுக்க வைத்துச் செய்வார்களாம். கட்டணத்தைக் கேட்டதும் தலைவலியும் சேர்ந்துகொண்டது, அதோடு பஸ்ஸில் போக வர இடுப்பு என்ன ஆகும்? இது நிஜமாகவே வைத்தியமா, இல்லை வசதியானவர்களின் ஜிம்மா?

முத்தியால்பேட்டை_பிசியோ:
முதலில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அக்கா. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015இல் வந்தது. அதில் 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு பல்ஜ் இருந்தது, ஆனால் வலி இல்லை.

பிலாட்டிஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் உருவாக்கியது இது. முதல் உலகப் போரில் ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைபட்டிருந்தவர், அப்புறம் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் வைத்து நடனக் கலைஞர்கள் உட்பட பலருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் இதை முதுகு வலிக்கென்று செய்யவில்லை, எங்களைப் போன்றவர்கள்தான் பின்னால் கடினமான அசைவுகளைக் கழித்துவிட்டு வலிக்காரர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம். அதனால் யூடியூபைப் பார்த்து, படுத்த நிலையிலிருந்து முதுகை வளைத்து எழும் 'ரோல் அப்' எல்லாம் இப்போது வேண்டாம்.

பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பில் 10 ஆய்வுகள், 510 பேர். சும்மா இருப்பதைவிட வலி குறைகிறது, வேலை செய்ய முடிகிறது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட இது உசத்தி என்று நிரூபணமாகவில்லை. ஸ்பிரிங் கட்டில் நல்ல கருவிதான், ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம், தரையில் பாய் போதும்.

வில்லியனூர்_ராசா:
பயிற்சியெல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்யும் சகோ. எனக்கு பெல்ட் கட்டி, இடுப்பை இழுத்து வைக்கும் டிராக்‌ஷன் போட்டுத்தான் சரியாச்சு. முதலில் அதைப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை_பிசியோ:
உங்களுக்குச் சரியானதில் சந்தோஷம். ஆனால் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு வழக்கமாக பெல்ட்டும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உடற்பயிற்சியை அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

கடற்கரைச்சாலை_நடை:
நான் அந்த மெஷின் வகுப்புக்குப் போனவன். நன்றாகவே இருந்தது, சொல்லிக்கொடுத்த பெண் ஒவ்வொரு மூச்சையும் கவனித்தார். காசு கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டு நடைக்கு மாறினேன். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். உங்களுக்கு சில்வர் பீச் இருக்கிறதே. 2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்த ஆய்வில், பிசியோ ஆலோசனையோடு நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். ஆனால் அவர்கள் வலி குறைந்த பிறகு நடந்தவர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சக்குப்பம்_தையல்:
நன்றி. சரி, பாயில் என்னதான் செய்வது? வயிற்றை எக்கு என்கிறார்கள், எக்கினால் மூச்சு நின்றுவிடுகிறது.

முத்தியால்பேட்டை_பிசியோ:
எக்கவே கூடாது. மெத்தையில் வேண்டாம், தரையில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு மல்லாந்து படுங்கள், முழங்கால் மடங்கி, பாதம் தரையில். இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் முன்முனை கைக்குத் தட்டுப்படும், அதிலிருந்து சற்று உள்ளே விரல்களை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரியட்டும். விடும்போது பேன்ட் ஜிப்பைக் கீழிருந்து மேலே இழுப்பது போல அடிவயிற்றை மெதுவாக இறுக்குங்கள். விரலுக்கடியில் லேசாக விறைத்தால் சரி, விரலை மேலே தள்ளினால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். அந்த இறுக்கத்தோடு பேச முடிய வேண்டும், மூச்சுப் பிரச்சினை அப்போது வராது. இது பழகியதும் ஒரு குதிகாலை மட்டும் நகர்த்தி காலை நீட்டி மடக்குங்கள், இடுப்பு ஆடக் கூடாது. அப்புறம் இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ். வலி காலுக்குள் இறங்கினால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

ஒரு முறையாவது பக்கத்து பிசியோ ஒருவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். பாதம் தொய்ந்துபோவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போவது, இதில் ஏதாவது வந்தால் பயிற்சியை மறந்துவிட்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நெல்லிக்குப்பம்_டெய்லர்:
எல்லாம் சரி அக்கா, துணியை எங்கே வைத்து வெட்டுகிறீர்கள்? தரையில் குந்தியா?

மஞ்சக்குப்பம்_தையல்:
ஆமாம், தரையில்தான். கட்டிங் டேபிளுக்கு இடமில்லை.

நெல்லிக்குப்பம்_டெய்லர்:
சுவரில் கீல் வைத்து மடக்கிற பலகை ஒன்று ஆசாரியிடம் சொல்லி அடியுங்கள், நின்றால் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். வேலை முடிந்ததும் மடக்கிவிடலாம். ஒரு மாத வகுப்புக் காசுக்குள் முடிந்துவிடும்.